மசாஜ் உரிமம் பார்வையற்றவர்களுக்கு மட்டும்: தென் கொரியச் சங்கம் ஒன்றின் நூறாண்டுப் பின்னணி

தென் கொரியாவில் காசு வாங்கிக்கொண்டு இன்னொருவருக்குத் தோள் பிடித்துவிட வேண்டுமென்றால் அரசு உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்கு முதல் தகுதி, பார்வைக் குறைபாடு இருப்பது. கண் நன்றாகத் தெரிகிற ஒருவர் எத்தனை வருடம் படித்தாலும், எவ்வளவு கைத்திறமை இருந்தாலும் அந்த உரிமத்தை வாங்க முடியாது.

முதலில் கேள்விப்பட்டபோது நானும் இதை நம்பவில்லை. ஏதோ பழைய வழக்கத்தை யாரோ மிகைப்படுத்திச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் இது அந்த நாட்டு மருத்துவச் சட்டத்தின் 82-வது பிரிவில் இருக்கிறது. டாக்டர், பல் மருத்துவர், செவிலியர் ஆகியோரைப் பற்றிப் பேசும் அதே சட்டம்தான். மசாஜ் செய்பவர் அந்தச் சட்டப்படி மருத்துவர் வகையில் சேரமாட்டார். ஆனாலும் அவருக்கென்று ஒரு பிரிவு உண்டு. கொரிய மொழியில் மசாஜுக்கு ‘அன்மா’ என்று பெயர். அழுத்துவதும் தேய்ப்பதும் என்று பொருள். அதைச் செய்பவர் ‘அன்மாசா’. நாடு முழுவதும் உள்ள அன்மாசாக்களின் அமைப்புதான் கொரிய அன்மாசா சங்கம்.

இந்தச் சங்கம் மற்ற தொழில் சங்கங்களைப் போன்றது இல்லை. விருப்பப்பட்டவர் சந்தா கட்டிச் சேரும் சங்கமாக இதைப் பார்க்கக் கூடாது. டாக்டர்களுக்கு உள்ளதுபோலவே, உரிமம் பெற்றவர் சட்டப்படியே சங்க உறுப்பினராகிவிடுகிறார். தொழிலாளர் அமைப்பும் இதுதான், பயிற்சி கொடுக்கும் இடமும் இதுதான், மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகத் தெருவில் இறங்கும் இயக்கமும் இதுதான். இந்த மூன்றும் ஒரே அமைப்புக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்று பார்த்தால்தான், அவர்கள் ஏன் சில வருடங்களுக்கு ஒருமுறை அரசியல் சாசன நீதிமன்ற வாசலில் போய் நிற்கிறார்கள் என்பது புரியும்.

பழைய ஜோசொன் அரசர்கள் காலத்தில் கொரியப் பார்வையற்றவர்களின் தொழில் மசாஜ் இல்லை. குறி சொல்வார்கள், மந்திரம் ஓதுவார்கள், அரண்மனையில் இசைக்கருவி வாசிப்பார்கள். சியோலில் மியொங்தொங்சா என்ற இடத்தில் அவர்கள் கூடுவார்கள். மழை பொய்த்தால் அரசு அவர்களை அழைத்து மழைக்காக ஓதச் சொல்லும், அதற்கு அரிசி கொடுக்கும். அரசு ஆதரவில் இயங்கிய பார்வையற்றோர் அமைப்பு அப்போதே அங்கே இருந்தது என்பதைக் கொரியர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

மசாஜ் ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே பார்வையற்ற ஆண்களுக்கென்று ‘தோதோசா’ என்ற குழு பல நூற்றாண்டுகள் இருந்தது. ஆரம்பத்தில் பிவா என்ற நரம்புக் கருவியை மீட்டிக் கதை பாடுபவர்களின் குழு அது. பிறகு மசாஜ் செய்பவர்களும், உடலில் மெல்லிய ஊசி குத்திச் செய்யும் ஊசி மருத்துவம் (அக்குபங்சர்) செய்பவர்களும் அதில் சேர்ந்தார்கள். 17-ம் நூற்றாண்டில் சுகியாமா வாய்ச்சி என்ற பார்வையற்ற மருத்துவர், மெல்லிய குழாய் ஒன்றின் வழியாக ஊசியைச் செலுத்தும் முறையைப் பரப்பினார். கண்ணால் பார்க்காமலே, விரலால் இடம் கண்டு, குழாயை நிறுத்தி, ஊசியைத் தட்டி இறக்கலாம். அந்தக் கால ராணுவ ஆட்சியாளர் சுனாயோஷியே அவரிடம் சிகிச்சை பெற்றார். சுகியாமா நடத்திய பள்ளிகளில் பார்வையற்ற மாணவர்கள் படித்தார்கள். 1871-ல் புதிய மெய்ஜி அரசு தோதோசாவைக் கலைத்தது. ஆனால் மசாஜும் ஊசி மருத்துவமும் பார்வையற்றோர் பள்ளிகளின் பாடமாகத் தொடர்ந்தன.

1910-ல் ஜப்பான் கொரியாவை விழுங்கியது. 1913-ல் சியோலில் ஜேசெங்வொன் என்ற நிறுவனத்தில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளி தொடங்கப்பட்டது. அதில் அன்மாவும் ஊசி மருத்துவமும் தொழிற்பாடங்கள். பாக் து-சொங் என்ற கொரிய ஆசிரியர் அதே பள்ளியில்தான் வேலை பார்த்தார். மாணவர்கள் ஜப்பானியப் புள்ளி எழுத்தில் (பிரெய்லில்) படிப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், கொரிய மொழிக்கென்று ஒரு புள்ளி எழுத்து முறையை உருவாக்கி 1926 நவம்பர் 4 அன்று வெளியிட்டார். கொரியர்கள் இன்றும் அந்த நாளைப் புள்ளி எழுத்து நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பள்ளியின் வழிவந்ததுதான் இன்றைய சியோல் பார்வையற்றோர் பள்ளி. காலனி ஆட்சி கொண்டுவந்த தொழிலும், காலனி ஆட்சியை மீறிப் பிறந்த எழுத்தும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்திருக்கின்றன. இந்த வரலாற்றில் என்னை மிகவும் தொட்ட இடம் இதுதான்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஜப்பானிய ஆட்சியில் மசாஜ் உரிமம் பார்வையுள்ளவர்களுக்கும் கிடைத்தது. ‘பார்வையற்றவர்களுக்கு மட்டும்’ என்ற விதி அப்போது இல்லை. 1945-ல் விடுதலை வந்தது. தெற்கில் பொறுப்பேற்ற அமெரிக்க ராணுவ நிர்வாகம் 1946-ல் அன்மாசா உரிம முறையையே ரத்து செய்தது. அப்புறம் ஒரு தலைமுறைக் காலம் இவர்களுக்குச் சட்டத்தில் உறுதியான இடம் இல்லை. பள்ளியில் தொழிலைக் கற்றார்கள், வெளியே வந்தால் நிலையான அங்கீகாரம் இல்லை. ராத்திரி நேரத்தில் ஒரு கையில் கோல், இன்னொரு கையில் சின்ன ஊதுகுழல் என்று தெருத்தெருவாக நடந்த அன்மாசாக்களை அந்தக் காலத்து சியோல்வாசிகள் நினைவில் வைத்திருக்கிறார்கள். குழல் சத்தம் கேட்டால் வீட்டுக்குள்ளிருந்து யாராவது கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் அடுத்த தெரு.

1973-ல் மருத்துவச் சட்டம் திருத்தப்பட்டு அன்மாசா உரிமம் மறுபடியும் வந்தது. இந்த முறை அது பார்வையற்றவர்களுக்கு மட்டும். ஆனால் அந்த ‘மட்டும்’ சட்டத்தில் எழுதப்படவில்லை, அமைச்சகத்தின் விதிமுறையில் இருந்தது. அன்று யாருக்கும் இது பெரிய விஷயமாகப் படவில்லை. 33 வருடம் கழித்து மொத்தமும் அந்த ஓட்டையில்தான் வந்து மாட்டியது.

சரி, உரிமம் எப்படிக் கிடைக்கிறது? இரண்டு வழிகள். பார்வையற்றோர் பள்ளியில் மேல்நிலை வகுப்பில் அன்மா பாடத்தைப் படித்து முடிக்கலாம். இல்லையென்றால், நடுநிலைக் கல்வியை முடித்தவர் அங்கீகரிக்கப்பட்ட அன்மா பயிற்சி நிலையத்தில் 2 ஆண்டு படிக்கலாம். படிப்பு சாதாரணமானது இல்லை. உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்கூறியல் எல்லாம் புள்ளி எழுத்திலும் ஒலிப்பதிவிலும் படிக்க வேண்டும். எலும்புக்கூட்டு மாதிரியின் ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவிப் பெயர் சொல்ல வேண்டும். அப்புறம் மாணவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் பழகுவார்கள்: நீவுதல், பிசைதல், அழுத்துதல், தட்டுதல், அசைத்தல். கழுத்துப் பிடரியில் கட்டை விரலை எந்தக் கோணத்தில் வைத்தால் ஒரு மணி நேரம் செய்தாலும் தன் விரல் மூட்டு தேயாது என்பதும் பாடம்தான். நாற்பது வருடம் செய்ய வேண்டிய வேலை இது. விரல் போனால் எல்லாம் போச்சு.

சட்டம் இப்படி இருக்க, தெரு வேறு மாதிரி இருந்தது. ஸ்போர்ட்ஸ் மசாஜ், தாய் மசாஜ், பாத மசாஜ் என்று பலகை மாட்டிய கடைகள் கொரிய நகரங்கள் முழுக்கப் பெருகின. அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பார்வையுள்ளவர்கள். ‘அன்மா’ என்பதற்கு விதிமுறை கொடுக்கும் விளக்கம் மிக அகலமானது. கையால் செய்யும் மசாஜ், அழுத்த சிகிச்சை, மின் கருவி வைத்துச் செய்யும் தூண்டல் எல்லாம் அதற்குள் அடங்கும். அதாவது இந்தக் கடைகள் எல்லாமே சட்டப்படி குற்றம், 3 ஆண்டு வரை சிறைக்கு வழி உண்டு. நடைமுறையில் பெரும்பாலும் யாரும் தொட மாட்டார்கள். திடீரென்று ஒருநாள் வழக்குப் போடுவார்கள். இந்த நிலையில் பிழைத்தவர்களுக்கும் குடும்பம் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களும் சங்கம் சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். விரும்பிய தொழிலைச் செய்யும் சுதந்திரத்தை அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு கொடுக்கிறதே, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

2003-ல் அரசியல் சாசன நீதிமன்றம் பழைய விதியை ஏற்றுக்கொண்டது. 2006 மே 25 அன்று அதே நீதிமன்றம், 7-க்கு 1 என்ற கணக்கில், விதி செல்லாது என்றது. இவ்வளவு பெரிய தடையைச் சட்டத்தில் எழுதாமல் அமைச்சக விதிமுறையில் வைத்தது தவறு, தடையே அளவுக்கு மீறியது என்றும் சொன்னது.

அதற்கடுத்த நாட்கள் கொரியர்களால் மறக்க முடியாதவை. பார்வையற்ற அன்மாசாக்கள் ஹான் ஆற்றின் மேல் உள்ள மாப்போ பாலத்தில் போய் உட்கார்ந்தார்கள். சிலர் ஆற்றில் குதித்தார்கள். கீழே மீட்புப் படகுகள் காத்திருந்து தூக்கின. தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்க்க முடியாத ஒருவர், பாலத்தின் விளிம்பைக் காலால் துழாவி, அங்கிருந்து குதிக்கிறார் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வேறு இடங்களில் தற்கொலைகளும் நடந்தன. நாடு அதிர்ந்துபோனது. மூன்றே மாதத்தில், 2006 ஆகஸ்ட் கடைசியில், நாடாளுமன்றம் மருத்துவச் சட்டத்தைத் திருத்தி ‘பார்வைக் குறைபாடு உள்ளவர்’ என்ற சொல்லைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிட்டது.

பார்வையுள்ளவர்கள் மறுபடியும் வழக்குப் போட்டார்கள். 2008 அக்டோபர் 30 அன்று தீர்ப்பு வந்தது. இந்த முறை 6-க்கு 3 என்ற கணக்கில், சட்டம் செல்லும். பெரும்பான்மை நீதிபதிகள் சொன்ன காரணத்தின் சாரம் இது: உடல் குறைபாட்டால் பிழைக்க வழியில்லாதவர்களைக் காக்கும் கடமையை அரசியல் சாசனத்தின் 34-வது பிரிவு அரசுக்குக் கொடுத்திருக்கிறது. பார்வையற்றவர்கள் தேர்ந்தெடுக்கக்கூடிய தொழில் ஏறக்குறைய இது ஒன்றுதான். பார்வையுள்ளவர்களுக்கு வேறு தொழில்கள் ஏராளம்.

அடுத்த நாள், அக்டோபர் 31. தைவான் தலைநகர் தைப்பேயில் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிபதிகள் இதே கேள்விக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். தைவானிலும் மசாஜ் பார்வையற்றவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. தைவானும் ஜப்பானின் காலனியாக இருந்த நாடு. நீதிபதிகள் சொன்னார்கள்: செல்லாது. 3 ஆண்டு அவகாசம், அதன்பின் தடை தானாகவே காலாவதியாகும்.

இரண்டு நாடுகள், அடுத்தடுத்த நாள், நேர் எதிரான விடைகள். தைவான் தீர்ப்பில் ஒரு வாதம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மசாஜை ஒதுக்கிவைப்பதால் அதிகாரிகள் சோம்பிவிடுகிறார்கள், பார்வையற்றவர்களின் திறமை மசாஜோடு முடிந்துவிடுவதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள் என்றது அந்தத் தீர்ப்பு. கொரிய நீதிமன்றம் ‘வேறு வழியில்லை’ என்பதை உண்மை நிலையாக எடுத்துக்கொண்டது. தைவான் நீதிமன்றமோ, அந்த நிலை ஏன் மாறாமல் இருக்கிறது என்று கேட்டது.

கொரியச் சங்கத்தின் வலியும் இங்கேதான் இருக்கிறது. வழக்கு வரும் ஒவ்வொரு முறையும் அந்தச் சங்கம் வெல்ல வேண்டுமென்றால், தன் உறுப்பினர்களால் வேறெந்த வேலையும் செய்து பிழைக்க முடியாது என்று நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டும். உடற்கூறியலைப் புள்ளி எழுத்தில் படித்துத் தேறிய மனிதர்கள், தங்களுக்கு வேறு கதியில்லை என்று தாங்களே வாதாட வேண்டியிருக்கிறது. எந்தத் தொழில் சங்கத்துக்கும் இப்படி ஒரு நிலை வரக் கூடாது. இதில் நான் சங்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். வேறு கதவுகளைத் திறக்காமல், இருக்கிற ஒரே கதவையும் உடைக்கச் சொல்வது கொடுமை. 2008 தீர்ப்பு அன்றைய நிலையில் சரியானது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பின் ஒவ்வொரு வரியும், வேறு வேலைகளை உருவாக்கத் தவறிய அரசின் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டும்தான்.

ஒரே தொழிலை நம்பி நிற்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் ஊர் எஸ்.டி.டி. பூத்துகளை நினைத்துப் பாருங்கள். 1990-களில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்து ஒதுக்கினார்கள். நான் படித்த ஊரில் பஸ் நிலையத்துக்கு எதிரே பூத் வைத்திருந்த அண்ணனுக்குக் கண் தெரியாது. மீட்டர் ஓடும் சத்தத்தை வைத்தே எத்தனை ரூபாய் ஆகியிருக்கும் என்று சொல்லிவிடுவார், நாணயத்தைக் கையில் வாங்கியதுமே ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா என்று தெரிந்துவிடும். செல்போன் வந்தது. சில வருடங்களில் பூத் காலியாகிப் பூட்டிக் கிடந்தது. அவரிடமிருந்து யாரும் அந்த ஒதுக்கீட்டைப் பறிக்கவில்லை, சட்டம் எதுவும் மாறவில்லை. தொழிலே காணாமல் போய்விட்டது.

மசாஜ் அப்படிக் காணாமல் போகாது, உண்மைதான். ஆனால் அதற்கு வேறொரு நோய் பிடித்தது. ‘அன்மா’ என்ற சொல்லே கொரியாவில் கறைபட்டுப் போனது. உரிமம் பெற்ற அன்மா நிலையங்களை நடத்தக் கட்டடம் வேண்டும், முதலீடு வேண்டும். பார்வையற்றவரிடம் உரிமம் இருக்கும், பணம் இருக்காது. பணமுள்ள ஆள் பின்னால் நிற்பார், உரிமம் இவர் பெயரில் தொங்கும், உள்ளே பாலியல் தொழில் நடக்கும். 2004-ல் பாலியல் தொழிலுக்கு எதிரான கடும் சட்டம் வந்த பிறகு இந்த நிலையங்களின் பெயர்கள் இன்னும் அதிகமாகச் செய்தியில் அடிபட்டன. பள்ளியில் ஒழுங்காகப் படித்து, வியர்க்க வியர்க்க வேலை செய்து பிழைக்கும் ஓர் அன்மாசா, தன் தொழில் என்னவென்று வெளியில் சொல்லவே கூசும்படி ஆனது. இதற்குச் சங்கத்துக்கும் பொறுப்பு உண்டு. உரிமத்தை வாடகைக்கு விடும் பழக்கத்தை முளையிலேயே கிள்ளியிருக்க வேண்டும். சின்ன அளவில், மசாஜ் மட்டுமே செய்யும் ‘அன்மாவொன்’ கடைகள் பெருகியது இந்தக் கறையிலிருந்து மீள உதவிய ஒரு நல்ல மாற்றம்.

தைவானில் என்ன ஆனது? தொழிலை எல்லாருக்கும் திறந்துவிட்டு, இடங்களை ஒதுக்கினார்கள். மருத்துவமனை, ரயில் நிலையம், விமான நிலையம், பூங்கா, அரசு அலுவலகம் ஆகிய இடங்களில் மசாஜ் செய்ய அனுமதித்தால் அது பார்வையற்றவர்களுக்கே என்று திருத்திய சட்டம் சொன்னது. தைவான் ரயில் நிலையத்தில் இறங்கினால், சீருடை போட்ட பார்வையற்ற மசாஜ் நிபுணர்கள் வரிசையாக நாற்காலி போட்டு வேலை செய்வதைப் பார்க்கலாம். ஜப்பான் மூன்றாவது வழியைப் பிடித்தது. உரிமம் எல்லாருக்கும் உண்டு, ஆனால் பார்வையுள்ளவர்களுக்காகப் புதிய மசாஜ் பள்ளி தொடங்க அரசு மறுக்கலாம். 1964-லிருந்து உள்ள இந்த விதியை ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் செல்லும் என்றது. மூன்று நாடுகளில் ஜப்பானின் வழிதான் மிகக் குறைவாகக் காயப்படுத்துகிறது என்பது என் எண்ணம். யாரையும் குற்றவாளி ஆக்காமல், போட்டியை மட்டும் மெதுவாக்குகிறது.

கொரியாவில் 2013-லும் 2017-லும் 2021 டிசம்பரிலும் நீதிமன்றம் அதே விடையைத்தான் திரும்பச் சொன்னது. ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றம் வந்திருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் 3.1 சதவீத இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது கொரிய விதி. இதை நிறைவேற்றப் பல நிறுவனங்கள் அன்மாசாக்களை மாதச் சம்பளத்தில் வேலைக்கு எடுக்கின்றன. ‘ஹெல்த் கீப்பர்’ என்று அந்த வேலைக்குப் பெயர். அலுவலகத்திலேயே ஓர் அறை, நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து கழுத்து இறுகிப்போன ஊழியர்கள் முறைவைத்து வருவார்கள். இன்னொரு பக்கம், அரசுச் செலவில் அன்மாசாக்கள் முதியோர் கூடங்களுக்குப் போய் மூட்டுவலிக்காரப் பாட்டிகளுக்குப் பிடித்துவிடுகிறார்கள். சம்பளம், விடுமுறை, காப்பீடு எல்லாம் உள்ள வேலைகள் இவை. ராத்திரியில் தெருவில் குழல் ஊதிய காலத்தை நினைத்தால் இது சின்ன மாற்றம் இல்லை.

இந்த மொத்தக் கதையிலும் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது அந்த 2 ஆண்டுப் பயிற்சி நிலையம்தான். பிறவியிலிருந்து பார்வை இல்லாதவர்கள் பள்ளி வழியாக வந்துவிடுவார்கள். பயிற்சி நிலையத்துக்கு வருகிறவர்களில் பலர், பாதி வாழ்க்கைக்கு மேல் பார்த்துப் பழகியவர்கள். சர்க்கரை நோயிலோ, கண் அழுத்த நோயிலோ, விபத்திலோ பார்வையை இழந்தவர்கள். நேற்றுவரை லாரி ஓட்டியவராகவோ கணக்கு எழுதியவராகவோ இருந்திருப்பார். நாற்பது வயதில் புள்ளி எழுத்தைத் தடவி எழுத்துக்கூட்டிப் படிப்பார். பக்கத்து மேசையில் இருபது வயதுப் பையன் இருப்பான். ஆசிரியருக்கும் பெரும்பாலும் கண் தெரியாது. அவர் இவருடைய கையைப் பிடித்து இன்னொரு மாணவரின் தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் வைத்து, இங்கே அழுத்துங்கள், இன்னும் கொஞ்சம் உள்ளே, இப்போது விடுங்கள் என்று சொல்லிக்கொடுப்பார். இரண்டு வருடம் முடிந்ததும் இவர் பெயரில் ஓர் உரிமம் வரும்.